துணி மூடிய நாற்காலி

அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

“திங்கக்கிழமை எங்க வீட்டை எடுத்துக்கப் போறாங்க,” என்றாள். “உள்ள வரலாமா?”

அவள் தேடி வந்தவரை அந்தத் தெருவில் எல்லோரும் நிதானம் என்றே அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். எரிந்து முடிந்த கிடங்கின் நடுவே நின்று, எது முதலில் எரிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. சாம்பலிடம் அவசரப்பட்டு எதையும் கேட்க முடியாது. அந்தப் பழக்கம் மனிதர்களிடமும் ஒட்டிக்கொண்டது. மனைவி இறந்தபிறகு அந்த வீட்டில் அவரும் மனைவியின் தம்பியும் மட்டும்தான். மச்சினன் வாடகைக் கார் ஓட்டுபவன். பாதிக் கதை கேட்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுபவன். காலி இருக்கை எங்கே இருந்தாலும் கேட்காமல் உட்கார்ந்துவிடுவான். “நாளெல்லாம் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவனுக்கு இதென்னடா பழக்கம்?” என்று அவன் அக்கா உயிரோடு இருந்தவரை திட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் வந்தவளை உட்காரச் சொல்வதற்குள் அவன்தான் முதலில் உட்கார்ந்தான். நிதானம் அவனைப் பார்த்தார். அவன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

“என் வீட்டுக்காரர் குஷன் வேலை பண்றவர்,” என்று அவள் தொடங்கினாள். “சோபா, நாற்காலி, கார் சீட். கீழ பட்டறை, மேல வீடு. உறை தைக்கிறது நான், இழுத்துக் கட்டி ஆணி அடிக்கிறது அவர். போன மழைக்காலத்துல ஒரு நகைக்கடையில திருட்டு நடந்துச்சு. அன்னைக்கு அந்தக் கடைப் பக்கம் எங்க வேன் நின்னதா யாரோ சொல்லிட்டாங்க. தெரிஞ்சவங்க கேட்டா வேனைக் கொடுத்துடுவார், சார். எழுதி வாங்குற பழக்கமே கிடையாது. போலீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க, விட்டாங்க, மறுபடி கூப்பிட்டாங்க. அந்தக் கவலையிலயே போய்ச் சேர்ந்துட்டார். நாலு மாசமாச்சு.”

“ஆளே இல்லன்னா கேஸ் ஏது, அக்கா?” என்றான் மச்சினன்.

“அவர் மேல இருந்த கேஸ் முடிஞ்சுபோச்சு. சொத்து மேல முடியல. திருட்டுக்குப் போன வேன், திருட்டுப் பொருளை வச்ச பட்டறை, திருட்டுப் பணத்துல கட்டின வீடுன்னு சொல்லி கோர்ட்டுல எல்லாத்தையும் முடக்கிட்டாங்க. மாடியில நாங்க இருக்கலாம், விக்கக் கூடாது. பட்டறைக்குச் சீல். அவரைக் கூண்டுல ஏத்த முடியல. அதனால வீட்டை ஏத்தியிருக்காங்க.”

வழக்கில் ஆதாரம் எதுவும் இல்லை, திங்கட்கிழமை முடக்கத்தை நீக்கிவிடுவார்கள் என்றுதான் வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தாராம். நேற்று எல்லாம் தலைகீழாகிவிட்டது. பட்டறைச் சாமான்களுக்கு மதிப்புப் போட வந்தவர்கள் ஒரு நாற்காலியை நகர்த்தப் பார்த்திருக்கிறார்கள். அது எளிதில் அசையவில்லை. கவிழ்த்துப் போட்டு அடித்துணியைக் கிழித்தால், இரண்டு ஃபோம் அடுக்குகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெட்டி.

“நகையா?” மச்சினன் நாற்காலி இல்லாமலேயே முன்னால் சாய்ந்தான்.

“ஒரு பொட்டுத் தங்கம் இல்ல. அந்தக் கடையோட பேர் அடிச்ச பித்தளை எடைக்கல்லு, காலி நகைத்தட்டு, ரெண்டு மூணு வெள்ளிக் கிண்ணம். அது போதுமாம். திங்கக்கிழமை பறிமுதல் உத்தரவு நிச்சயம்னு வக்கீல் கையை விரிச்சுட்டார்.”

“எந்த நாற்காலிம்மா?” நிதானம் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

அவள் துணிப்பையின் காதைத் திருகினாள்.

“அவர் கடைசியா கை வச்சது. ஒரு பர்னிச்சர் ஷோரூம்காரர் ஒரே மாதிரி நாலு கேட்டிருந்தார், பச்சை வெல்வெட்டுல. மூணு அனுப்பியாச்சு. நாலாவதோட முதுகுல கடைசிப் பொத்தானை வைக்கிறார். ஊசியைப் பின்னாலிருந்து குத்திட்டு, ‘இந்தா, முன்னால நூலைப் பிடி’ன்னார். நான் மெஷினை விட்டு எந்திரிச்சு வர்றதுக்குள்ள அது மேலயே சாஞ்சுட்டார்.” அவள் குரல் உடையவில்லை, தட்டையாகிவிட்டது. “அதுக்கப்புறம் அதைப் பார்க்க முடியல. கட்டில் விரிப்பை எடுத்து மூடிட்டேன். சீல் வச்சப்பவும் மூடினபடிதான் இருந்துச்சு.”

“வீட்டுல வேற யாரு?”

“கொழுந்தன். சின்னப் பையன்ல இருந்து எங்களோடதான் இருக்கான்.” அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள். “பட்டறையோட பின்கதவுச் சாவி ஒண்ணு காணோம் சார். கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறான். அவன் மேலயே சந்தேகம் வந்துடுமோன்னு பயமா இருக்கு. வீடு போனா எங்கயாவது ஒண்டிக்கலாம். ஆனா உத்தரவுல அவர் திருடன்னு எழுதிடுவாங்களே. செத்தவர் வந்து இல்லன்னு சொல்ல முடியுமா?”

அவள் போனதும் மச்சினன் கையைத் தட்டினான். “கொழுந்தன்தான் அத்தான்! சாவி இருக்கு, வீட்டுலயே இருக்கான். சாயங்காலத்துக்குள்ள ஒத்துக்க வச்சுடலாம்.”

“மாப்ளே, நீ அந்த வக்கீலுக்கு ஒரு போன் போடு. நாளைக்குப் பட்டறையைப் பார்க்க அனுமதி வேணும்.”

மறுநாள் காலை பட்டறை வாசலில் கோர்ட் அமீனா காத்திருந்தார். நீதிமன்ற உத்தரவுகளை நேரில் வந்து நிறைவேற்றும் அவருக்குச் சட்டைப்பை நிறையப் பேனாக்கள். இழுப்புக் கதவில் இருந்த அரக்குச் சீலை எல்லோருக்கும் காட்டினார். மதிப்புப் போட்டபின் புதிதாக வைத்தது, முழுதாக இருந்தது.

“இதுக்கு முன்னாடி வச்சதும் இப்படித்தான் இருந்துச்சு,” என்றார். “என் கையை மீறி இங்கிருந்து ஒரு ஊசி வெளியே போகாது. சர்வீஸ்ல என் மேல ஒரு குறை கிடையாது.”

உள்ளே பஞ்சும் பசையும் அடைபட்ட வாசனை. கிழிந்த சோபாக்கள், சுருட்டி வைத்த ரெக்சின், சுவரில் வரிசையாகச் சுத்தியல்கள். தையல் மெஷினின் ஊசிக்கடியில் பாதித் தைத்த உறை அப்படியே இருந்தது. அந்தப் பெண் வாசலைத் தாண்டி வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள். கொழுந்தன் அவளுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பச்சை நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. விரிப்பு பக்கத்தில் சுருண்டு கிடந்தது. நிதானம் தரையில் உட்கார்ந்து, கிழிந்த அடித்துணிக்குள் கையை விட்டு இரண்டு ஃபோம் அடுக்குகளையும் வெளியே எடுத்தார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டும் பலகை போலச் சமமாக இருந்தன. பிறகு நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். அதன் முதுகில் மூன்று பொத்தான்கள் ஒரே வரிசையில் அழகாக அழுந்தியிருந்தன. அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மச்சினன் பின்கதவை ஆராய்ந்துவிட்டு ஓடிவந்தான். “அத்தான், அந்தப் பக்கம் பூட்டைச் சுத்திக் கீறல் இருக்கு. நான் சொன்னேன்ல?” சொல்லிக்கொண்டே மேஜையருகே இருந்த ஒரு குட்டை ஸ்டூலில் உட்காரப் போனான்.

“அங்க உட்காராதீங்க!”

அந்தப் பெண் அலறியதில் அமீனாவின் கையிலிருந்த பேனா விழுந்தது. மச்சினன் பாதி வளைந்த முழங்காலோடு நின்றான். ஸ்டூலின் மெத்தையில் ஒரு மனிதன் உட்கார்ந்து எழுந்த பள்ளம் தெளிவாகத் தெரிந்தது.

“அது அவர் இடம்,” என்றாள் மெதுவாக. “நாலு மாசமா யாரும் உட்காரல. இன்னும் எழும்பாமலேயே இருக்கு.”

“அதுவும் இந்த நாற்காலியில போட்ட ஃபோம்தானாம்மா?” என்று நிதானம் கேட்டார். அந்த நேரத்தில் அந்தக் கேள்வி மச்சினனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“எல்லாத்துக்கும் ஒரே ஃபோம்தான், சார்.”

நிதானம் அமீனாவிடம் திரும்பினார். “சீல் வச்சதிலிருந்து நேத்து முன்தினம் வரைக்கும் இதை யாராவது திறந்தாங்களா?”

“ஒரே ஒரு தடவை. இந்தத் திங்கக்கிழமை, கோர்ட் அனுமதியோட. வாடிக்கைக்காரங்க சாமானைத் திருப்பிக் கொடுக்கணும்ல? ஷோரூம்காரர் வேன் கொண்டுவந்து அவரோட ரெண்டு சோபாவை எடுத்துட்டுப் போனார். ஒவ்வொண்ணா எழுதி, கையெழுத்து வாங்கித்தான் விட்டேன்.” அமீனா குரலைத் தாழ்த்தினார். “தங்கமான மனுஷன், ஐயா. மூடி வச்சிருந்த இந்த நாற்காலியையும் அவர் ஆளு ஒருத்தன் தலையில தூக்கி வச்சு வேனுக்குக் கொண்டுபோயிட்டான். இவர் பதறிப்போய், ‘அதுக்கு இன்னும் கூலி கொடுக்கல, அந்தப் பொண்ணு வயித்துல அடிக்கக் கூடாது’ன்னு திருப்பி அனுப்பிட்டார். ரெண்டு பேர் பத்திரமா தூக்கிட்டு வந்து, இருந்த இடத்துலயே வச்சுட்டுப் போனாங்க.”

“அதை எழுதினீங்களா?”

“வெளியே போகாத பொருளை எதுக்கு எழுதணும்? திரும்பி வர்றதை எழுதறதுக்கு எங்க ஃபாரத்துல இடமே கிடையாது.”

அந்த நேரம் ஷோரூம்காரரே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, மெல்லிய வாசனை. “தங்கச்சி, கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கல,” என்று அவளிடம் போனார். பிறகு கொழுந்தனைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும் ரகசியக் குரலில், “தம்பி ஏதாவது அறியாம பண்ணியிருந்தா இப்பவே ஒத்துக்கச் சொல்லும்மா. வீட்டையாவது காப்பாத்தலாம்” என்றார்.

கொழுந்தனின் முகம் வெளிறியது. அந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

“சாவி என்கிட்டதான் இருக்கு அண்ணி,” என்றான் கரகரத்த குரலில். “சீல் வச்ச வாரமே திறக்கப் பார்த்தேன், பூட்டு துருப்பிடிச்சுச் சாவி திரும்பல. அண்ணனோட சுத்தியல் வேணும்னு... வேற பட்டறையில வேலை கேட்டேன், சொந்தச் சாமான் இருந்தா வான்னாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

“பாத்தீங்களா?” என்றார் ஷோரூம்காரர் வருத்தத்தோடு.

நிதானம் கீறலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து விரலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். அமீனாவிடம் மட்டும், “நாளைக்கு ஷோரூமுக்கு வர முடியுமா? வாங்கின சாமானைச் சரிபார்க்கணும். வக்கீலும் இன்ஸ்பெக்டரும் வருவாங்க” என்றார்.

காரில் மச்சினன் வழியெல்லாம் பொரிந்தான். “வாயாலயே ஒத்துக்கிட்டான், அத்தான்! இன்னும் எதுக்கு இழுக்கணும்? நாளைக்குச் சனி, அப்புறம் ஞாயிறு, அப்புறம் வீடு போச்சு. அந்தக்கா எப்படி நின்னுச்சு பாத்தீங்களா? நிலையைப் பிடிச்ச கையை விடவே இல்ல.”

“பாத்தேன். உனக்கு ஒரு கேள்வி. ஒருத்தன் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போன பொருளைத் திருப்பிக் கொண்டுவர எதுக்கு ரெண்டு பேர்?”

மச்சினன் இரண்டு சிக்னல் வரை யோசித்தான். “களைப்பா இருந்திருப்பான்,” என்றான்.

நிதானம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் பின்னால் இருந்த கிடங்கில் அவர்கள் கூடினார்கள். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் கைகட்டி நின்றார். அந்தப் பெண்ணும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் தொடாமல், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள்.

“சுருக்கமா சொல்லிடறேன்,” என்றார் நிதானம். அவர் சொன்னால் அது சுருக்கமாக இருக்காது என்று மச்சினனுக்குத் தெரியும். சுற்றிலும் மூட்டை மூட்டையாக மரச்சாமான்கள். உட்கார இடம் தேடினான்.

“அந்தப் பெட்டி குறைஞ்சது நாலு மாசமா நாற்காலிக்குள்ள இருந்ததுன்னு சொல்றாங்க. இரும்புப் பெட்டி, உள்ள பித்தளைக் கல்லு. அவ்வளவு கனத்துக்கு அடியில அத்தனை மாசம் கிடந்த ஃபோம் எப்படி இருக்கணும்? பெட்டியோட அச்சு அப்படியே பதிஞ்சிருக்கணும். பட்டறையில ஒரு ஸ்டூல் இருக்கு. அதே ஃபோம். மனுஷன் போய் நாலு மாசமாகியும் அவர் உட்கார்ந்த பள்ளம் நிக்குது. நாற்காலி ஃபோம்ல ஒரு பள்ளமும் இல்ல. அந்தப் பெட்டி அங்க இருந்தது மாசக்கணக்குல இல்ல, ஒண்ணு ரெண்டு நாள்.”

இன்ஸ்பெக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

“அப்போ சீல் வச்ச பிறகுதான் வந்திருக்கு. சீலோ உடையல. பின்கதவுக் கீறல்ல மூணு மாசத் தூசி படிஞ்சிருக்கு. தம்பி சொன்னது உண்மை. கதவு திறந்தது திங்கக்கிழமை மட்டும்தான். அமீனா ஐயா வெளியே போனதையெல்லாம் ஊசி விடாம பார்த்தார். உள்ளே வந்ததைப் பார்க்கல, ஏன்னா எதுவும் வந்ததா அவர் நினைக்கல. ஒரு நாற்காலி போச்சு, அதே விரிப்பைப் போர்த்திக்கிட்டு ஒரு நாற்காலி திரும்பி வந்துச்சு. போனப்போ ஒருத்தன் தலையில போச்சு. வந்தப்போ ரெண்டு பேர் தூக்க வேண்டியிருந்துச்சு.”

“கனம் கூடிப்போச்சு!” என்று மச்சினன் கத்தினான். பிறகு நேற்றைய பதிலை நினைத்து வாயை மூடிக்கொண்டான்.

“வேன்ல வச்சு ஒரு நிமிஷத்துல நாற்காலியைப் பிரிச்சுப் பெட்டியை வச்சுத் தைக்க முடியாது. முன்னாடியே தயாரா இருந்த இன்னொரு நாற்காலிதான் உள்ள வந்திருக்கணும். அதே அளவு, அதே பச்சை. அப்படி மூணு நாற்காலி ஒரே ஆள்கிட்டதான் இருக்கு. அம்மா, உங்க வீட்டுக்காரர் கடைசிப் பொத்தானை வச்சு முடிச்சாரா?”

“இல்ல,” என்றாள் அவள். “ஊசி குத்தினதோட சரி.”

“பட்டறையில இப்ப இருக்கிற நாற்காலிக்கு மூணு பொத்தானும் இருக்கு.”

அவள் கை வாய்க்குப் போனது. அந்த நாற்காலியை அவள் ஒரு முறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

ஷோரூம்காரர் சிரித்தார். “நல்லா கதை சொல்றீங்க சார். பொத்தான் எத்தனைன்னு இந்தப் பொண்ணு சொன்னா ஆச்சா? துக்கத்துல இருக்கிறவங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? எங்கிட்ட இருந்த மூணையும் எப்பவோ வித்தாச்சு. திருட்டுச் சாமானை நான் எதுக்குக் கொண்டுபோய் வைக்கப் போறேன்?”

“விசாரணை செத்தவரோட நின்னுடணும்னு. அன்னைக்கு வேனை இரவல் வாங்கினது யாருன்னு அதுக்கப்புறம் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. அதுக்குத்தான் பெட்டியில தங்கம் இல்ல. விலை போகாததை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கீங்க.”

“ஆதாரம்?”

நிதானத்தின் கண்கள் கிடங்கின் மூட்டைகளைச் சுற்றி வந்தன. வக்கீல் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண்ணின் முகத்தில், வியாழக்கிழமை காலை வாசலில் இருந்த அதே தவிப்பு திரும்பி வந்தது.

“ஐயோ, அம்மா!”

மூலையிலிருந்து மச்சினன் துள்ளி எழுந்தான். பேச்சு நீண்டதில் கால் வலித்து, கோணி சுற்றிய ஏதோ ஒன்றின் மேல் உட்கார்ந்து சாய்ந்திருக்கிறான். முதுகைப் பிடித்துக்கொண்டு குதித்தான். “என்னமோ குத்திருச்சு அத்தான்!”

ஷோரூம்காரர் ஓர் அடி முன்னால் வைத்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

நிதானம் மெதுவாகப் போய்க் கோணியை அவிழ்த்தார். பச்சை வெல்வெட். முதுகில் இரண்டு பொத்தான்கள். மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீண்ட ஊசியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் அதன் காதிலிருந்து நூல் தொங்கியது.

“விரிப்பை எடுத்ததும் வேனோட இருட்டுல கோணியைச் சுத்திட்டாங்க,” என்றார் அவர். “பிரிச்சு ஒரு தடவை பார்த்திருந்தா ஊசியை உருவியிருப்பீங்க.”

அந்தப் பெண் வந்து நூலை இரண்டு விரல்களால் பிடித்தாள். “நான் மெழுகு தேய்ச்சுக் கொடுத்த நூல்,” என்றாள். கொழுந்தன், “அண்ணி, அண்ணி” என்று சொல்லிக்கொண்டே அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் விலகவில்லை.

அமீனா சட்டைப்பையிலிருந்த பேனாக்களைத் தடவிக்கொண்டு நின்றார். “ஊசி போயிருக்கு,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “என் கண்ணு முன்னாடியே போயிருக்கு.”

திங்கட்கிழமை பறிமுதல் உத்தரவு வரவில்லை. சுமை தூக்கிய ஆட்கள் இருவரும் உண்மையைச் சொன்னார்கள்; தங்கம் ஷோரூம்காரரின் வீட்டுக் கட்டிலுக்குள் கிடைத்தது. முடக்கம் நீங்க இன்னும் சில வாரங்கள் ஆயின. நீதிமன்றத்தில் எதையும் பிடிக்க ஆகும் நேரத்தைவிட அதை விடுவிக்க ஆகும் நேரம் அதிகம். முடக்கத்தை நீக்கிய உத்தரவில், இறந்தவருக்கு அந்தக் குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அவள் அந்த வரியை மட்டும் வக்கீலை மறுபடி படிக்கச் சொன்னாளாம்.

சீலை உடைக்க அமீனா தானாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சாட்சியம் முடிந்து திரும்பிய நாற்காலியை, வழக்கு எண் எழுதிய அட்டைச் சீட்டுத் தொங்க, கொழுந்தன் தலையில் தூக்கி வந்து மேஜையருகே வைத்தான். ஊசியை யாரும் எடுத்திருக்கவில்லை. நிதானமும் மச்சினனும் வாசலிலேயே நின்றார்கள்.

அந்தப் பெண் இந்த முறை நிலையைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு பச்சைப் பொத்தானைத் தேடி எடுத்தாள். மேஜையருகே வேலை செய்ய வேறு இருக்கை இல்லை. ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தாள்.

“பின்னால நூலைப் பிடிடா,” என்றாள் கொழுந்தனிடம். ஊசியை முன்னால் இழுத்தாள்.

பொத்தான் அழுந்தியது. முடிச்சு விழுந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, மெஷினில் பாதியில் நின்ற உறையை எடுத்து வரச் சொன்னாள்.

பட்டறை முழுக்கச் சோபாக்கள் இருந்தன. “உட்காருங்க தம்பி,” என்று அவளே இரண்டு முறை சொன்னாள். மச்சினன் அன்று கடைசிவரை நின்றுகொண்டே இருந்தான்.